உள்ளே இருக்கிறவனுக்கு ஒரே ஸ்கிரீன்

அந்தப் பட்டனை அமுக்காதீங்க டாக்டரம்மா, பிரயோஜனமே இல்ல. அதுக்குப் பின்னால ஒயரே கிடையாது. மணி மாதிரி ஒரு படம் போட்டு வெச்சிருக்கான், அழகுக்கு! இந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். ஏறினா நிக்குது, இறங்கினா நிக்குது... ஷஹாதே! ஏ ஷஹாதே! ... மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல! ... ஆமாம்ப்பா, மறுபடியும்தான்! ... போய்ப் பாக்கறானாம். வாட்ச்மேன்தான். போய்ப் பாக்குறதுல அவனை அடிச்சுக்க ஆளே கிடையாது. பாத்துட்டு வந்து "பாத்தேன் மதாம்"பான்.

நீங்கதானே ஆறாவது மாடிக்குப் புதுசா குடிவந்த மருந்துக்கடை டாக்டரம்மா? ... தெரியும் தெரியும். உங்க சோபா மாடியேறினப்போ நான் பால்கனியிலதான் இருந்தேன். நல்ல சோபா. கலர்தான் கொஞ்சம்... சரி, உங்க வீடு, உங்க இஷ்டம். நான் ஹியாம், நாலாவது மாடி. தலைக்கு மேல பாருங்க, அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என் வீடு. கையை நீட்டினா தொட்டுடலாம், அவ்வளவு கிட்ட! ஆனா போக முடியாது. என் பொழப்பே இப்படித்தான் போகுது.

கேக்குதா? பீப்... பீப்... கேக்குதுல்ல? அது என் வீட்டு பேட்டரிதான். கரண்ட் போனா கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்குமே, அந்தப் பொட்டி. அரை மணி நேரம் தாங்கும்னு கடைக்காரன் சொன்னான். பெய்ரூத்துல கடைக்காரன் அரை மணின்னா நாம என்ன புரிஞ்சுக்கணும்? அது உங்களுக்கே தெரியும்.

கையில என்ன, மனாகீஷ் ரொட்டியா? சூடா இருக்கும்போலிருக்கே... இல்ல இல்ல, எனக்கு வேணாம். ஒரு ஓரம் மட்டும்... ம். அந்த முக்குக் கடைதானே? முன்ன இன்னும் நல்லாப் போடுவான்.

இதோ பாருங்க, என் கையில. கேபிள்! இந்த மாசத்துல நாலாவது கேபிள். கீழ கபின்னு ஒருத்தன் கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கான். என்ன கேட்டாலும் கேபிள்தான் குடுப்பான். தலைவலின்னு போய் நின்னாக்கூட ஒரு கேபிளை எடுத்து நீட்டுவான். எனக்கு என்ன பிரச்சினைன்னு கேளுங்க. கேக்கலைன்னாலும் சொல்றேன், இப்ப எங்க போகப் போறோம்?

நான் டிவி தொடருக்கு எழுத்துப் போடறவ. துருக்கிக்காரன் அழுவான், கீழ அரபியில ஓடும் பாருங்க, அது நாந்தான். அந்த வேலைக்கு மூணு ஸ்கிரீன் வேணும். ஒண்ணுல படம், ஒண்ணுல வசனம், ஒண்ணுல எந்த நொடியில எந்த வரின்னு நேரக் கணக்கு. என்கிட்ட மூணு இருக்கு! ஞாயித்துக்கிழமைச் சந்தையில புழுதியில நின்னு பேரம் பேசி ரெண்டு வாங்கி, பழசோட சேத்து மூணு. மேஜை மேல ஜம்முனு வரிசையா நிக்குது. யாராவது பாத்தா, இவ என்ன விமானத்தையா இறக்குறான்னு கேப்பாங்க. ஆனா வேலை நடக்குறது ஒண்ணுலதான்! மத்த ரெண்டும் சும்மா... ஒண்ணுல கடல் படம், ஒண்ணுல மலைப் படம். பாத்துக்கிட்டே இருக்கலாம்.

ஏன்னா அந்த எழுத்துப் போடற சமாச்சாரம் லினக்ஸ்ல ஓடுது. லினக்ஸ் தனியா இல்ல, என் கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரா உக்காந்திருக்கு. கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டர்! சிரிக்காதீங்க, அப்படி ஒண்ணு உண்டு. வர்ச்சுவல் மெஷின்னு பேரு. வீட்டுக்குள்ள ஒரு அறையை வாடகைக்கு விட்டமாதிரி. வீட்டுக்காரனுக்கு மூணு ஜன்னலும் தெரியுது, உள்ள குடியிருக்கிற லினக்ஸுக்கு ஒண்ணே ஒண்ணு. மத்த ரெண்டு இருக்குன்னே அவனுக்குத் தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டான்!

கேட்டேன். கேக்காம இருப்பனா? நாலு பேரைக் கேட்டேன். துபாய்ல ஒரு ஒண்ணுவிட்ட அக்கா புருஷன், பெரிய இஞ்சினியர், வீடியோ கால்ல வந்தாரு. "வீடியோ மெமரியைக் கூட்டு ஹியாம்"னாரு. எங்கன்னு கேட்டா, செட்டிங்ஸ்ல. செட்டிங்ஸ்ல போனா... அந்த வரி சாம்பல் பூத்துக் கிடக்கு. எத்தனை ஸ்கிரீன்னு கேக்குற வரியும் சாம்பல். அமுக்கினா அசையாது. இழுத்தா நகராது. இந்த லிஃப்ட்டைச் செஞ்சவனும் அதைச் செஞ்சவனும் அண்ணன் தம்பியா இருப்பாங்க. அப்புறம் இன்டர்நெட்ல எழுதிப் போட்டேன். ஜெர்மனிக்காரன் ஒருத்தன் பதில் போட்டான், "எனக்கு நல்லா வேலை செய்யுதே"ன்னு. ரொம்ப சந்தோஷம்ப்பா! நீ நல்லா இரு! உனக்கு வேலை செய்யுதான்னா நான் கேட்டேன்?

எல்லாரும் கடைசியில ஒரே பாட்டுத்தான். "அணைச்சுட்டுத் திரும்பப் போட்டீங்களா மதாம்? முழுசா அணைச்சீங்களா?" கபியும் அதைத்தான் கேட்டான். போட்டேன்னு சொன்னேன். சொல்றதுக்கென்ன.

பீப் கொஞ்சம் வேகமா அடிக்குதோ? ... இல்லையா? எனக்குத்தான் அப்படித் தோணுதா?

இன்னொரு ஓரம் எடுத்துக்கவா? ... நல்லா இருப்பீங்க. காலையிலேருந்து வெறும் காபி.

ஒரே ஸ்கிரீனை வெச்சு ஓட்டினா என்ன ஆகும்? கேளுங்க கதையை. போன வாரம் அந்தத் தொடர்ல தாய்க்காரி புள்ளையோட சவப்பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக் கதறுறா. ஊரே அழுவுது. கீழ எழுத்துல என்ன ஓடுது தெரியுமா? "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே!" அடுத்த காட்சியில சமையக்காரி சொல்ற வசனம். ஒரு ஜன்னலை மூடி இன்னொண்ணைத் திறக்கறதுக்குள்ள ஒரு வரி வழுக்கிடுச்சு, அவ்வளவுதான். அந்தம்மா கதறக் கதற, கீழ உப்போட நிக்காம எலுமிச்சம்பழம் வேற கேட்டா! சேனல்லேர்ந்து கரோல் போன் பண்ணினா. கத்தல. கத்தியிருந்தா பரவாயில்ல. மெதுவாப் பேசினா. "ஹியாம், இன்னொரு தடவை இப்படி வந்தா அம்மான் நகரத்துக் கம்பெனிக்குக் குடுத்துடுவோம்"னா. என் வேலை, டாக்டரம்மா! இருபது வருஷமா நான் பாக்குற வேலை! அம்மான்ல எவனோ ஒருத்தன், துருக்கித் தொடர் ஒண்ணைக்கூட முழுசாப் பாத்திருக்க மாட்டான்... இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு அடுத்த பகுதி. சாயங்காலத்துக்குள்ள நான் அனுப்பியாகணும். எல்லாம் தயார். ஒரு தடவை சரிபாக்கணும், அவ்வளவுதான். மேல இருக்கு. அந்த மெஷினுக்குள்ள.

... என்ன கேட்டீங்க? ஏன் அணைக்கலைன்னா?

அணைக்கலைன்னு நான் எங்க சொன்னேன்? ... சொன்ன மாதிரி இருந்துச்சா? ரொம்பக் கூர்மையான காது உங்களுக்கு. மருந்துக் கடையில சனங்க முணுமுணுக்கறதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கும்.

சரி, அணைக்கல. போதுமா? இந்த ஊர்ல யாரு அதையெல்லாம் அணைக்கிறா? கரண்ட் எப்பப் போகும், ஜெனரேட்டர் எப்ப வரும்னு அந்த ஜெனரேட்டர்காரனுக்கே தெரியாது. மூடும்போது அது ஒரு கேள்வி கேக்கும், "இப்படியே உறைய வைக்கட்டுமா, ஒரேடியா அணைக்கட்டுமா?"ன்னு. உறைய வைன்னு அமுக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். திரும்பக் கரண்ட் வந்ததும் திறந்தா, விட்ட எடத்துலயே நிக்கும். பாதி அடிச்ச வார்த்தைகூட பாதியிலயே நிக்கும். எவ்வளவு வசதி! உறைஞ்சு கிடக்கிறவரைக்கும் அந்த வரியெல்லாம் சாம்பலாத்தான் இருக்கும், முழுசா அணைச்சாத்தான் உயிர் வரும்னு கபி சொல்றான். சொல்லட்டும். அவனுக்கென்ன, கேபிளைக் குடுத்துட்டுக் காசை வாங்கிப்பான். அணைச்சா திரும்பத் திறக்கணும்ல? திறந்தா அது கடவுச்சொல் கேக்கும். நீளமா ஒண்ணு. அது எனக்குத் தெரியாது.

முழிக்காதீங்க. என் மெஷின்தான். என் மேஜைதான். கடவுச்சொல் மட்டும் என் தம்பியோடது. வஜ்தி. ரெண்டு பேரும் சேந்துதான் இந்த வேலையைப் பாத்தோம், வார்த்தை என் பொறுப்பு, மெஷினைப் பாத்துக்கறது அவன் பொறுப்பு. ஒரு தடவை ஏதோ ஒரு பகுதி ஒளிபரப்புக்கு முன்னாலயே ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, யாரு யாரைக் கொன்னான்னு. எப்படித் தெரிஞ்சுதோ! நான் முடி வெட்டிக்கிற எடத்துல லேசா, ரொம்ப லேசா, ஒரு வார்த்தை... அதுக்காக ஒருத்தன் பூட்டுப் போடுவானா? போட்டான். திறக்கும்போது கையால மறைச்சுக்கிட்டு அடிப்பான். என்னைப் பாத்து மறைக்கிறான்! அவன் பல்லு விழுந்தப்போ பல்லைத் தேடி எடுத்துக் குடுத்தவ நான்! என்ன கடவுச்சொல்டான்னா, "நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டக்கா. எப்ப வேணுமோ என்னைக் கேளு"ங்கறான். நானா வாயாடி? நீங்களே சொல்லுங்க. ... சொல்லுங்கன்னா சொல்லிடறதா? சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

அப்புறம் மொந்த்ரியால்ல குடியேறப் பேப்பர் கிடைச்சிடுச்சு, கிளம்பிட்டான். எல்லாரும் போறாங்க, அவனும் போனான். ஏர்போர்ட்டுக்கு நான் போகல. வேலை இருந்துச்சு. போறவன் போறதுக்கு முன்னால அதைச் சொல்லிட்டுப் போகணுமா இல்லையா? "கேட்டாச் சொல்றேன்" மாதிரி ஒரு மூஞ்சி. சரி, நான் கேக்கல. கேக்கவே மாட்டேன். அன்னையிலேர்ந்து அந்த மெஷினை உறைய வைக்கிறேன், எழுப்புறேன், உறைய வைக்கிறேன். ஒரு தடவைகூட அணைக்கல. அவன் அங்க பனியில உக்காந்துக்கிட்டு, அக்கா கேப்பா, அக்கா கேப்பான்னு பாத்துக்கிட்டிருப்பான். இருக்கட்டும்! ... பண்டிகைக்கு மெசேஜ் போட்டான். பூ படம். நானும் பூ படம் போட்டேன். பூவுக்குப் பூ. கணக்குத் தீர்ந்துச்சு.

இன்னிக்குக் கேபிள் வாங்க இறங்கின அவசரத்துல உறைய வைக்காமலே வந்துட்டேன். இப்பப் புரியுதா, அந்த பேட்டரி செத்தா நான் எங்க நிப்பேன்னு? வேலையெல்லாம் உள்ள. நான் வெளிய. ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தாய்க்காரி வாயைத் திறந்தா கீழ ஒண்ணும் ஓடாது. உப்புகூட ஓடாது.

ஷஹாதே! என்னாச்சு? ... கத்து, கேக்கல! ... ம்? ... ம்... அதை ஏம்ப்பா இப்பக் கத்துற? மெதுவாச் சொல்லு!

... ஒண்ணுமில்ல டாக்டரம்மா. அவன் ஏதோ... என்ன ஒயரா? எந்த ஒயர்? ... லிஃப்ட் லைன்லேர்ந்து ஒரு ஒயர் என் வீட்டுக்குப் போகுதுன்னு சொல்றானா? அப்படியா சொன்னான்? இவன் வாயில புண்ணு வர!

சரி, போகுது. ஒல்லியான ஒயர். அதுக்கென்ன இப்ப? எனக்கு ஜெனரேட்டர் குடுக்கறதே அஞ்சு ஆம்பியர். ஹீட்டர் போட்டா ஸ்கிரீன் இல்ல, ஸ்கிரீன் போட்டா ஹீட்டர் இல்ல. மூணு ஸ்கிரீனையும் எரியவிட்டு மனுஷி பச்சைத் தண்ணியில குளிக்க முடியுமா? லிஃப்ட் என்ன நாள் முழுக்கவா ஓடுது? சும்மாதானே நிக்குது, அதுலேர்ந்து ஒரு சொட்டு எடுத்தா என்ன குறைஞ்சுடும்னு ஷஹாதேகிட்ட சொன்னேன், மாட்டிக் குடுத்தான். யாரும் ஏறாதவரைக்கும் நல்லாத்தான் இருக்கும். ஏறினாத்தான் ரெண்டும் சேந்து இழுத்து... ஃப்யூஸ் தெறிச்சுடுது.

அப்படிப் பாக்காதீங்க. எனக்கு மட்டும் தெரியுமா என்ன? தெரிஞ்சிருந்தா கட்டட குரூப்புல நானே லிஃப்ட் சரியில்லைன்னு போட்டிருப்பனா? ஜெனரேட்டர்காரனைத் திட்டி முதல் மெசேஜே என்னுதுதான். நீங்ககூட அதுக்கு ஒரு கட்டைவிரல் போட்டீங்களே, ஞாபகம் இல்ல?

என்ன ஷஹாதே? ... ரெண்டுல ஒண்ணுதான் தாங்குமா? லிஃப்ட்டா வீடான்னா... கொஞ்சம் இரு. யோசிக்க விடு. ... யாரு, பூத்ரோஸ் ஐயா நிக்கிறாரா உன் பக்கத்துல? கமிட்டித் தலைவருக்கு இந்த நேரத்துல அங்க என்ன வேலை? ... ஒயரைப் புடுங்கினா திரும்ப மாட்ட விட மாட்டாராமா? சொல்லுவாரு, சொல்லுவாரு, அவர் வீட்டு ஏசி எந்த லைன்ல ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா!

கொஞ்சம் இரு ஷஹாதே! வீட்டுக்கே குடு... இல்ல, இரு... டாக்டரம்மா, உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே? ... இருக்கா? கடையில ஆள் காத்திருக்காங்களா? இருமல் மருந்துதானே, காத்திருக்கட்டும், இருமல் எங்கயும் போகாது...

இது என்ன? போனா? எனக்கெதுக்கு உங்க போன்? ... கூப்பிடறதா? அவனையா? நானா? முடியாது டாக்டரம்மா. என்கிட்டயே போன் இருக்கு, அதுல அவன் நம்பரும் இருக்கு. அதுவா பிரச்சினை?

... பீப் நிக்கவே மாட்டேங்குது. விடாம இழுக்குது, கேட்டீங்களா? இனி அவ்வளவுதான்.

குடுங்க இங்க. உங்க போன்லேர்ந்தே போகட்டும். என் நம்பர் போச்சுன்னா நான் கூப்பிட்டதா ஆயிடும். நீங்க பேசற மாதிரி பேசிடறேன். குரலை மாத்திக்கிறேன், பாருங்க... அடிக்குது. அங்க இப்ப விடியக்காலைதான். தூங்குவான். எடுக்க மாட்டான், எடுக்காம இருந்தா நல்லது... ஹலோ! ஹலோ, மிஸ்டர் வஜ்தியா? நான் டாக்டர் பேசறேங்க, உங்க அக்கா கட்டடத்துல, ஆறாவது மாடி... உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க, பயப்படாதீங்க, அவங்க நல்லா இருக்காங்க, அந்த மெஷின் விஷயமா ஒரு சின்ன...

...

எதுக்கு சிரிக்கிற? ... டேய், எதுக்குடா சிரிக்கிற? ... ஆமாண்டா, நாந்தான். லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டேன். கேலி அப்புறம் பண்ணு, அந்தக் கடவுச்சொல்லைச் சொல்லு. கேட்டாச்சு, போதுமா? கேட்டுட்டேன்! கேட்டுட்டேன்னு எழுதி ஃப்ரேம் போட்டு மாட்டிக்கோ! ... ம்? ... என்ன இல்ல? ... பூட்டே இல்லையா? ... எப்ப எடுத்தே? ... கிளம்பறதுக்கு முந்தின நாளா?

... தானாத் திறக்குற மாதிரி வெச்சுட்டா போனே? அதை ஏண்டா சொல்லல? ... அடுத்த தடவை திறக்கும்போது நானே பாத்துப்பேன்னு நெனச்சியா? பாத்துட்டு நானே கூப்பிடுவேன்னு... இவ்வளவு நாளா?

நான் ஒரு தடவைகூட அணைக்கலடா.

... ஒண்ணுமில்ல. தூசி. இந்த லிஃப்ட்டுல ஒரே தூசி.

ஷஹாதே! புடுங்கு! ஒயரைத்தான், வேற எதை! லிஃப்ட்டுக்குக் குடு! ... ஆமா, நல்லாக் கேட்டுக்கோ, லிஃப்ட்டுக்கு! பூத்ரோஸ் ஐயாகிட்டச் சொல்லு, அவரு சந்தோஷமா இருக்கட்டும்!

அந்த பீப் நின்னுடுச்சு பாருங்க டாக்டரம்மா. செத்துடுச்சு. செத்தா சாவட்டும். இதான் முதல் தடவை அது முழுசா அணையறது... ஆ! கிளம்பிடுச்சு! அம்மாடி! கெட்டியாப் பிடிச்சுக்கோங்க, இது நிக்கும்போது ஒரு குதி குதிக்கும்... வந்தாச்சு. நாலாவது மாடி. இது என் மாடி, நான் இறங்கிக்கிறேன், நீங்க மேல... எங்க போறீங்க? உங்க வீடு ஆறாவது! டாக்டரம்மா! இதுதான் இப்பத்தான் சரியாயிடுச்சே, எதுக்குப் படியில... மெதுவா, மெதுவா, அந்தப் படி வழுக்கும்! மனாகீஷை விட்டுட்டீங்க! போன்! உங்க போன் என் கையில!

போயிட்டாங்க. என்ன அவசரமோ. ஒரு நல்லது கெட்டது பேச விடல... வஜ்தி, லைன்ல இருக்கியா? வெக்காதே. யாரோ புது ஆளுடா, மருந்துக்கடை. சோபா பச்சைக் கலர்... அதை விடு. இரு, கதவைத் திறக்கறேன். மூணு பூட்டுக்கும் மூணு சாவி, நீ போட்ட பூட்டுத்தான் இதுல ஒண்ணு, அதுவும் மக்கர் பண்ணுது... ம், திறந்துடுச்சு. வீடு இருட்டா இருக்கு. மூணு ஸ்கிரீனும் கறுப்பு. இப்பத்தான் மூணும் ஒத்துமையா இருக்கு.

ஹீட்டரை அணைச்சுட்டு என் லைன்லயே போடறேன். ஆமாண்டா, பச்சைத் தண்ணியிலதான் குளிக்கணும், என்ன பண்றது... போட்டாச்சு. முழிக்குது. நீ சாப்பிட்டியா? ... அதெல்லாம் ஒரு சாப்பாடா? ... ஆ, வஜ்தி, அந்த சாம்பல் வரி கறுப்பாயிடுச்சுடா! அசையுது! மூணுன்னு போடவா? ... மூணு. போட்டுட்டேன். இப்ப லினக்ஸைத் திறக்கறேன். ஏதேதோ எழுத்து ஓடுது, வேகமா ஓடுது...

நீ வெச்சுடாதே. அது கடவுச்சொல் கேட்டுச்சுன்னா சொல்றதுக்கு ஆள் வேணும்ல? ... கேக்காதுன்னு நீ சொல்லுவே, எனக்கு எப்படித் தெரியும்? இரு. ... கேக்கலைன்னாலும் இரு.